பன்வேல் முதல் கன்னியாகுமரி வரை: ஒரு சாலையும் பல பணப்பைகளும்

பன்வேலில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிறது தேசிய நெடுஞ்சாலை 66. மஹாராஷ்டிரம், கோவா, கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு என்று ஐந்து மாநிலங்களைத் தொட்டுக்கொண்டு மேற்குக் கடலோரமாகச் சுமார் 1,600 கிலோமீட்டர் ஓடுகிறது. உல்லாஸ்நகரில் இருக்கும் நமக்குப் பன்வேல் அடுத்த வீடு மாதிரி. கல்யாண், ஷீல்பாட்டா, தளோஜா தாண்டினால் பன்வேல். மறுமுனையில் உள்ள நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் எல்லாம் நம்மில் பலருக்குச் சொந்த ஊர். இல்லாவிட்டால் சம்பந்தி ஊர். நாட்டில் எத்தனையோ நெடுஞ்சாலைகள் இருந்தாலும், நாம் பிழைக்க வந்த இடத்தையும் பிறந்த மண்ணையும் ஒரே எண்ணில் இணைப்பது இதுதான். 2010-இல் எண்களை மாற்றியமைப்பதற்கு முன்பு பன்வேலிலிருந்து கொச்சி இடப்பள்ளி வரை இது என்.எச். 17, அங்கிருந்து குமரி வரை என்.எச். 47. பழைய லாரி டிரைவர்களுக்கு இன்றைக்கும் இது 'பதினேழு'தான்.

இந்தச் சாலையின் மஹாராஷ்டிரப் பகுதியை நான்கு வழியாக்கும் வேலை 2011-இல் தொடங்கியது. 2025-லும் முழுதாக முடிந்தபாடில்லை. நம்மவர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. "அண்ணாச்சி, நாக்பூருக்கு எழுநூறு கிலோமீட்டர் புது ரோடே போட்டு முடிச்சிட்டாங்க. இருக்கிற கோவா ரோட்டை அகலமாக்க மட்டும் இவ்வளவு வருஷமா?" என்பார் ஒருவர். "எல்லாம் கமிஷன்தான்" என்பார் இன்னொருவர். பேச்சு அதோடு முடிந்துவிடும். கமிஷனே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் எல்லா ரோட்டிலும் கமிஷன் என்று சொல்கிற நாம், ஒரு ரோடு முடிந்து இன்னொன்று முடியாததற்கும் அதையே காரணமாகச் சொன்னால் அது பதில் ஆகுமா? வேறு ஏதோ இருக்கிறது. எந்தச் சாலைக்கு எந்தப் பையிலிருந்து பணம் வருகிறது, அந்தப் பணம் வந்து சேர யார் பொறுப்பு ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான் அது. அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

சாலைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

சாலைக்கென்று தனி உண்டியல் வைக்க வேண்டும் என்ற யோசனை நம் நாட்டில் புதிதல்ல. 1927-இல் எம். ஆர். ஜெயகர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. ஜெயகர் பம்பாய்க்காரர், பெரிய வழக்கறிஞர். சாலை போடுவது மாகாணங்களாலும் ஜில்லா போர்டுகளாலும் மட்டும் தாங்கக்கூடிய சுமையல்ல, பெட்ரோலின் மேல் கூடுதல் வரி போட்டு அதைச் சாலைக்கென்றே ஒதுக்க வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. அதன்படி 1929-இல் மத்திய சாலை நிதி பிறந்தது.

அது பெயரளவில் இருந்து, பிறகு 1998-இல் புத்துயிர் பெற்றது. பெட்ரோல் லிட்டருக்கு ஒரு ரூபாய், 1999-இலிருந்து டீசலுக்கும் ஒரு ரூபாய் என்று செஸ் வந்தது. 2000-இல் மத்திய சாலை நிதிச் சட்டம் இயற்றினார்கள். தங்க நாற்கரச் சாலைக்கு முதுகெலும்பாக நின்றது இந்த ஒரு ரூபாய்தான். டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா நான்கையும் இணைக்கும் 5,846 கிலோமீட்டரில் சென்னை - மும்பை பாகம் 1,290 கிலோமீட்டர். புனே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூரு, கிருஷ்ணகிரி வழியாக நம்ம ஊர்ப் பேருந்துகளும் லாரிகளும் போகிற சாலை அதுதான். கடலோரச் சாலை அந்த வரைபடத்தில் இல்லை. நான்கு மாநகரங்களையும் இணைப்பது என்று முடிவு செய்த அன்றே 'பதினேழு' வரிசையில் பின்னால் போய்விட்டது.

செஸ் ஒரு பை. இரண்டாவது பை, கடன். மும்பை - புனே விரைவுச்சாலைக்கு அப்படித்தான் பணம் திரட்டினார்கள். 1996-இல் அமைக்கப்பட்ட மாநிலச் சாலை வளர்ச்சிக் கழகம், அதாவது எம்.எஸ்.ஆர்.டி.சி., கடன் பத்திரங்கள் விற்றுச் சந்தையில் பணம் எடுத்து 94.5 கிலோமீட்டர் சாலையைப் போட்டது. 2002-இல் முழுச் சாலையும் திறந்தது. டோல் வரும் என்ற நம்பிக்கையில் கடன் கொடுத்தவர்கள் கொடுத்தார்கள். மூன்றாவது பை, தனியார் முதலீடு. கம்பெனி தன் பணத்தில் சாலை போட்டு, டோல் வசூலித்து எடுத்துக்கொள்வது. டோல் போதாது என்றால் அரசாங்கம் ஒரு பங்கு மானியம் கொடுக்கும். 2016-இலிருந்து ஒரு கலப்பு முறையும் வந்தது. கட்டும்போதே 40 சதவீதத்தை அரசு கொடுத்துவிடும். மீதி 60 சதவீதத்தைக் கம்பெனி முதலில் போட்டு, 15 வருடத் தவணையில் அரசிடமிருந்து வாங்கிக்கொள்ளும்.

இந்தப் பைகளுக்குள் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கடனும் தனியார் பணமும் போக்குவரத்து ஏற்கனவே இருக்கிற இடத்தைத்தான் தேடிப் போகும். மும்பைக்கும் புனேக்கும் நடுவே டோல் கொடுக்க ஆள் இருக்கிறது. கடன் கொடுக்கவும் ஆள் இருக்கிறது. மஹாடுக்கும் சிப்ளூணுக்கும் நடுவே அப்படி இல்லை. அங்கே பொதுப்பணம் முன்னால் நின்றால்தான் சாலை வரும். பணமுள்ள இடத்துக்குப் பணம் தானாகப் போகும். இல்லாத இடத்துக்கு யாராவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

வண்டி எண்ணும் கணக்கு

சரி, பொதுப்பணத்தை எந்தச் சாலைக்கு முதலில் கொடுப்பது? அதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற பொறியாளர் அமைப்பு வகுத்த முறை அது. எல்லா வண்டியையும் கார் கணக்குக்கு மாற்றுவார்கள். மோட்டார் சைக்கிள் அரை, கார் ஒன்று, லாரியும் பஸ்ஸும் மூன்று, மாட்டு வண்டி எட்டு. மெதுவாகப் போய் வழியை அடைப்பதால் மாட்டு வண்டிக்கு அந்த மரியாதை! இப்படிக் கூட்டி, சமவெளியில் உள்ள இரு வழிச் சாலை ஒரு நாளைக்கு 15,000 கார் அலகு வரை தாங்கும் என்று 1990-இல் வரையறுத்தார்கள். மேடு பள்ளமான நிலத்தில் அது 11,000. மலைப்பாதையில் 7,000 மட்டுமே.

இந்த மூன்று எண்களும் கொங்கணத்துக்கு ரொம்ப முக்கியம். பேண், நாகோத்தனா, மாண்காவ், மஹாட், கஷேடி காட், சிப்ளூண், ஹாத்கம்பா, கண்கவ்லி என்று போகும் இந்தச் சாலை ஏறி இறங்கி வளைந்து வளைந்து போவது. சமவெளிச் சாலை சௌகரியமாகத் தாங்குகிற போக்குவரத்தில் பாதி வந்தாலே இது திணறிவிடும். 'அங்கே வண்டி கம்மிதானே' என்று எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியாது.

இன்னொரு விஷயமும் உண்டு. வண்டி எண்ணுவது வருஷத்தில் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் ஏழு நாள். அதிலிருந்து வருஷச் சராசரி. ஆனால் கொங்கண் சாலை சராசரியில் வாழ்கிற சாலை இல்லை. மும்பை ஆலைகளிலும் ஆபீஸ்களிலும் வேலை பார்க்கிற கொங்கண்காரர்களுக்கு மராத்தியில் 'சாக்கர்மானி' என்று பெயர். பிழைக்க வந்த இடம் மும்பை, பிள்ளையாரைக் கொண்டுவந்து வைப்பது சொந்த ஊர் வீட்டில். கணபதிக்கு முந்தின இரண்டு மூன்று நாளில் லட்சக்கணக்கானவர்கள் அந்த ஒற்றைச் சாலையில் இறங்குவார்கள். நம்மவர்கள் கோடை லீவிலும் கோயில் கொடைக்கும் ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காமல் தவிக்கிறோமே, அதே தவிப்புதான். அந்த மூன்று நாள் நெரிசல் 365 நாளால் வகுபட்டுக் காணாமல் போய்விடுகிறது.

கடைசியாகப் பலன் கணக்கு. சாலை போட்டால் மிச்சமாகும் டீசல், நேரம், தேய்மானம் எல்லாவற்றையும் ரூபாயாக்கி, போட்ட முதலுக்கு வழக்கமாக 12 சதவீதமாவது பலன் வருகிறதா என்று பார்ப்பார்கள். இதிலும் நிறைய லாரி ஓடுகிற சாலை தானாக ஜெயித்துவிடும். மண் சரிந்து பாதை அடைபட்ட இரவில் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாத பிரசவக் கேஸுக்கு அந்தக் கணக்கில் பெரிதாக எடை கிடையாது.

மஹாராஷ்டிரத்தின் 'அனுஷேஷ்'

எண்ணிக்கை இப்படிப் பாரபட்சம் காட்டும் என்பது தெரிந்துதான் மஹாராஷ்டிரத்தில் இன்னொரு ஏற்பாடு செய்தார்கள். மாநிலம் உருவாகும் முன்பே, 1953-இல் நாக்பூர் ஒப்பந்தம் ஏற்பட்டது. விதர்பாவும் மராத்வாடாவும் பம்பாயோடு சேர்ந்தால் பணம் எல்லாம் பம்பாய்க்கும் புனேக்குமே போய்விடும் என்ற பயத்துக்குக் கொடுத்த உறுதிமொழி அது. 1956-இல் அரசியல் சாசனத்திலேயே 371(2) என்ற பிரிவு சேர்ந்தது. பகுதிகளுக்கு நியாயமாக நிதி பங்கிடுவதற்கு ஆளுநருக்குத் தனிப் பொறுப்பு கொடுக்க அது வழி செய்தது.

1983-இல் பொருளாதார அறிஞர் வி. எம். தாண்டேகர் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். அது ஒவ்வொரு மாவட்டத்தையும் மாநிலச் சராசரியோடு ஒப்பிட்டது. சாலை, பாசனம், மின்சாரம், கல்வி, குடிநீர், சுகாதாரம் என்று ஒன்பது துறைகள். சராசரிக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் 'அனுஷேஷ்', அதாவது பாக்கி. மொத்தப் பாக்கி சுமார் 3,187 கோடி ரூபாய் என்றது குழு. அதில் விதர்பாவுக்கு 39.12 சதவீதம், மராத்வாடாவுக்கு 23.56, 'மீதி மஹாராஷ்டிரம்' என்ற மூன்றாவது பிரிவுக்கு 37.32. 1994-இல் மூன்று வளர்ச்சி வாரியங்கள் அமைந்தன. அவற்றின் காலம் 2020 ஏப்ரல் 30-இல் முடிந்தது. மீண்டும் அமைக்க 2022 செப்டம்பரில் மாநில அமைச்சரவை தீர்மானித்தது.

விதர்பாவின் பாக்கி நிஜமான பாக்கி. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பாசனம் இல்லாமல் பருத்தி விவசாயிகள் பட்ட பாட்டை நாடே பார்த்தது. என் கவலை அந்த மூன்றாவது பிரிவைப் பற்றியது. 'மீதி மஹாராஷ்டிரம்' என்ற ஒரே கூடையில் மும்பை இருக்கிறது, புனே இருக்கிறது, கோலாப்பூரின் கரும்புத் தோட்டங்கள் இருக்கின்றன. ரத்னாகிரியும் சிந்துதுர்க்கும் அதே கூடையில்தான். பணக்கார அண்ணன்களோடு ஒரே ரேஷன் கார்டில் பெயர் இருக்கிற ஏழைத் தம்பி மாதிரி. குடும்ப வருமானத்தைப் பார்த்துவிட்டு, 'உங்களுக்கு அரிசி கிடையாது' என்றால் தம்பி என்ன செய்வான்? கொங்கணுக்குத் தனி வாரியம் வேண்டும் என்ற கோரிக்கை பலமுறை எழுந்ததற்குக் காரணம் இதுதான்.

நம் உல்லாஸ்நகரும் இதே கூடைதான். 1949-இல் சிந்தி அகதிகளின் இந்த முகாமுக்கு உல்லாஸ்நகர் என்று பெயர் சூட்டியவர் அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி என்பது நமக்கு ஒரு பெருமை. ஆனால் நாம் வாழும் தாணே மாவட்டம் அரசாங்கக் கணக்கில் கொங்கண் கோட்டத்தில் அடங்கியது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ரத்னாகிரியோடு நமக்கு நிர்வாகத்தில் உறவுமுறை உண்டு.

சொல்லவேண்டிய இன்னொரு நுணுக்கம், தேசிய நெடுஞ்சாலை மத்திய அரசின் சொத்து. அனுஷேஷ் கணக்கு மாநிலத் திட்டப் பணத்துக்குத்தான். ஆகவே கொங்கண் நெடுஞ்சாலை மாநிலக் கணக்கிலும் முன்னுரிமை பெறவில்லை. மத்தியக் கணக்கில் மாநகர் இணைப்புச் சாலைகளுக்குப் பின்னால் நின்றது. இரண்டு வீட்டுக்கும் விருந்தாளி, எந்த வீட்டிலும் சாப்பாடு இல்லை என்ற கதை.

2011-க்குப் பிறகு நடந்தது

வேலை தொடங்கியபோது சாலையை இரண்டாகப் பிரித்தார்கள். பன்வேலிலிருந்து இந்தாபூர் வரை 84 கிலோமீட்டர் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடம். அதற்குத் தெற்கே சிந்துதுர்க் வரை மாநிலப் பொதுப்பணித் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவிடம், பல துண்டுகளாக. முதல் 84 கிலோமீட்டரைத் தனியார் முதலீட்டு முறையில் கொடுத்தார்கள். டோல் வந்தால்தான் கம்பெனி பிழைக்கும். நிலம் கைக்கு வந்தால்தான் சாலை வரும். கர்ணாளா பறவைகள் சரணாலயத்தின் வழியாகப் போவதால் வனத்துறை அனுமதி ஒரு பக்கம் இழுத்தது. நில எடுப்பு இன்னொரு பக்கம். இதற்கிடையில் 2013-ஆம் ஆண்டின் புதிய நில எடுப்புச் சட்டம், தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் 2015 ஜனவரி முதல் இழப்பீட்டை உயர்த்தியது. கிராமப்புறத்தில் சந்தை மதிப்பின் நான்கு மடங்கு வரை போகலாம். நிலம் கொடுக்கிறவருக்கு இது நியாயம். ஆனால் பழைய விலையில் கணக்குப் போட்ட வேலைக்குப் புது விலையில் பணம் வேண்டும். தாமதம் செலவைக் கூட்டியது. கூடிய செலவு மறுபடி தாமதமாக்கியது.

2016 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ராத்திரி, மஹாட் அருகே சாவித்ரி ஆற்றின் மேல் இருந்த பிரிட்டிஷ் காலத்துப் பாலம் வெள்ளத்தில் இடிந்தது. இரண்டு அரசுப் பேருந்துகளும் வேறு வண்டிகளும் இருட்டில் ஆற்றோடு போயின. அதன் பிறகு என்ன நடந்தது தெரியுமா? ஒரு வருஷம் முடிவதற்குள், 2017 ஜூனில், அதே இடத்தில் புதுப் பாலம் திறந்தார்கள். பாலம் கட்டியவர்களைச் சும்மா சொல்லக் கூடாது, நல்ல வேலை. ஆனால் பத்து மாதத்தில் முடியக்கூடிய வேலை இடிந்து விழும் முன்னால் ஏன் பட்டியலில் மேலே வரவில்லை என்பதுதான் கேள்வி. பணமும் இருந்தது, தொழில்நுட்பமும் இருந்தது. முன்னுரிமை மட்டும் உயிர் போன பிறகு வந்தது.

2022 கோடையில் பரசுராம் காட்டில் மலையை வெட்டுவதற்காகத் தினமும் பல மணி நேரம் சாலையை மூடினார்கள். கஷேடி சுரங்கத்தில் ஒரு பக்கத்தை 2023-இல் கணபதிக்காக அவசரமாகத் திறந்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் சிப்ளூணில் கட்டிக்கொண்டிருந்த மேம்பாலத்தின் பகுதி சரிந்தது. மும்பை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு நடந்து, அரசு கெடு மேல் கெடு சொன்னது. தெற்கே சிந்துதுர்க் பகுதி முதலில் முடிந்தது. மும்பைக்குப் பக்கத்தில் இருக்கிற பன்வேல் - இந்தாபூர் பகுதியும் மாண்காவ், இந்தாபூர் புறவழிச்சாலைகளும்தான் கடைசியில் நின்றன.

அதே கரையில் ஓடிய ரயில்

இவ்வளவையும் படித்துவிட்டு, 'அந்த மலையில, அந்த மழையில அப்படித்தாங்க ஆகும்' என்று யாராவது சொன்னால், அதே கரையில் ஓடும் கொங்கண் ரயிலைக் காட்டுங்கள். 1990-இல் கொங்கண் ரயில்வே கழகம் தொடங்கியது. அப்போது ரயில்வே மந்திரி மங்களூர்க்காரரான ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ். நிதி மந்திரி ராஜாபூர் தொகுதியின் மது தண்டவதே. தலைமை ஏற்றவர் இ. ஸ்ரீதரன். ரோஹாவிலிருந்து மங்களூர் பக்கம் வரை 740 கிலோமீட்டருக்கு மேல், எத்தனையோ சுரங்கங்களும் பாலங்களும். 1998 ஜனவரி 26-இல் முழுப்பாதையும் திறந்தது. எட்டு வருஷம் கூட ஆகவில்லை.

எப்படி முடிந்தது? கழகத்தின் பங்குகளைப் பாருங்கள். ரயில்வேக்கு 51 சதவீதம், மஹாராஷ்டிரத்துக்கு 22, கர்நாடகத்துக்கு 15, கோவாவுக்கும் கேரளத்துக்கும் தலா 6. மீதிக்குக் கடன் பத்திரங்கள். நான்கு மாநிலங்களும் தங்கள் பணத்தைப் போட்டன. தன் பணம் உள்ளே இருக்கும்போது நிலம் எடுத்துக் கொடுக்க மாநிலமும் ஓடி வரும். பொறுப்பு ஒரே கழகத்திடம். அதே மலை, அதே மழை. மாறியது பணப்பையின் அமைப்பு.

கேரளம் கொடுத்த விலை

நெடுஞ்சாலை 66 கேரளத்திலும் நின்றுதான் கிடந்தது. அங்கே சாலையோரம் முழுக்க வீடும் கடையும். நிலத்தின் விலை ஆகாயத்தில். 45 மீட்டர் அகலம் வேண்டும் என்றது மத்திய அரசு. 30 மீட்டர் போதும் என்று 2010-இல் கட்சிகள் கேட்டன. வருஷங்கள் ஓடின. கடைசியில் நில எடுப்புச் செலவில் 25 சதவீதத்தை மாநிலமே ஏற்பதாகக் கேரளம் ஒப்புக்கொண்டு, சுமார் 5,580 கோடி ரூபாய் கொடுத்தது. தேசிய நெடுஞ்சாலைக்கு மாநிலம் ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் போன பிறகுதான் காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை வேலை ஓட்டம் பிடித்தது.

ஓட்டம் பிடித்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. 2025 மே மாதம் மலப்புறம் மாவட்டம் கூரியாட்டில் வயல் நிலத்தின் மேல் எழுப்பிய புதுச் சாலை சரிந்து விழுந்தது. நம் குமரி மாவட்டத்தில் சங்கடம் வேறு மாதிரி. நான்கு வழிச்சாலை குளங்களையும் வயல்களையும் கடக்க வேண்டியிருந்தது. நிரப்ப மண் கிடைக்காமல் வேலை வருஷக்கணக்கில் தேங்கியது. குளத்தை மூடிச் சாலை போடாதே என்று ஊர்க்காரங்க சொன்னதும் தப்பில்லை. அந்தக் குளம்தான் அந்த ஊருக்குக் கிணற்றுத் தண்ணீர்.

நாக்பூர் சாலை ஏன் முடிந்தது?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். சம்ருத்தி மஹாமார்க் என்ற மும்பை - நாக்பூர் விரைவுச்சாலை 701 கிலோமீட்டர். செலவு 55,000 கோடி ரூபாய்க்கு மேல். நாக்பூர் - ஷிர்டி பகுதி 2022 டிசம்பரில் திறந்தது. இகத்புரியிலிருந்து பிவண்டி அருகே ஆமணே வரையிலான கடைசிப் பகுதி 2025 ஜூன் 5-இல். நம் ஊருக்குப் பக்கத்தில் வந்து முடிகிறது. இது மத்திய அரசின் சாலை இல்லை. மாநில அரசே தன் எம்.எஸ்.ஆர்.டி.சி. மூலம் போட்டது. வங்கிக் கடன் வாங்கினார்கள். மாடா, சிட்கோ போன்ற தன் நிறுவனங்களின் பணத்தையும் திருப்பிவிட்டார்கள். நிலத்தைப் பேசி, அரசு மதிப்பின் ஐந்து மடங்கு வரை கொடுத்து நேரடியாக வாங்கினார்கள்.

விதர்பாவின் பழைய பாக்கியில் ஒரு பகுதி இப்படித் தீர்ந்தது என்றும் சொல்லலாம். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு பகுதியின் சாலையைத் தன் சாலை என்று ஒரு அரசு நினைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி. கொங்கண் சாலையை மத்திய அரசு மாநிலத்தின் வேலை என்றது. மாநிலம் மத்திய அரசின் சாலை என்றது. நடுவில் சாக்கர்மானி குழியில் விழுந்தான். இந்த வேலை முடியும் முன்பே, நாக்பூர் - கோவா சக்திபீட விரைவுச்சாலைக்கு, 802 கிலோமீட்டர், 2025 ஜூனில் மாநில அமைச்சரவை நில எடுப்புக்காக 20,787 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. கோலாப்பூர்ப் பக்கத்து விவசாயிகள் கடுமையாக எதிர்த்தார்கள். புதுச் சாலைக்கு அடிக்கல் நாட்டலாம், பெயர் வைக்கலாம், படம் எடுக்கலாம். பழைய சாலையைச் செப்பனிட்டால் யாருக்குப் பெயர்?

நாம் என்ன கேட்கலாம்?

இதெல்லாம் மந்திரிமார் விஷயம், நமக்கென்ன என்று இருக்கலாமா? நாமும் பெட்ரோல் போடும்போது செஸ் கட்டுகிறோம், டோல் கட்டுகிறோம், ஓட்டுப் போடுகிறோம். உல்லாஸ்நகர் பக்கத்திலேயே ஷஹாட் வழியாக ஒரு தேசிய நெடுஞ்சாலை போகிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கல்யாண் - முர்பாட் - மால்ஷேஜ் காட் - அஹில்யாநகர் என்று போகும் அது முன்பு என்.எச். 222, இப்போது 61. ஷஹாட் ரயில் மேம்பாலத்தில் தினமும் நிற்கிற நாம், முனிசிபாலிட்டியைத் திட்டிவிட்டுப் போகிறோம். கல்யாண் - ஷீல் சாலையை அகலப்படுத்தியது எம்.எஸ்.ஆர்.டி.சி. நகருக்குள் இருப்பது மாநகராட்சியின் பொறுப்பு. பன்வேலைத் தாண்டினால் நெடுஞ்சாலை ஆணையம். இந்தாபூரைத் தாண்டினால் பொதுப்பணித் துறை. சொந்த ஊருக்குக் காரில் கிளம்பினால் ரத்னாகிரி போவதற்குள் நாலு முதலாளி மாறிவிடுகிறார்கள். தப்பான வாசலில் தட்டினால் கதவு எப்படித் திறக்கும்?

நான் சொல்வது நான்கே கேள்விகள். எந்தச் சாலைத் திட்டம் அறிவித்தாலும் கேளுங்கள். ஒன்று, இந்தச் சாலை யாருடையது? இரண்டு, பணம் செஸ்ஸா, கடனா, தனியாருடையதா, அதில் மாநிலத்தின் சொந்தப் பங்கு எவ்வளவு? மூன்று, வேலை உத்தரவு கொடுக்கும் அன்று எவ்வளவு நிலம் கையில் இருக்கிறது? நான்கு, இதற்காக எந்தப் பழைய சாலையின் பணம் பின்னுக்குப் போகிறது? அடிக்கல் நாட்டு விழாவில் இந்த நாலுக்கும் பதில் கிடைக்காது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்டால் கிடைக்கும். நம் பிள்ளைகள் மராத்தியில் நன்றாக எழுதுகிறார்கள். மனுவை அவர்களே எழுதட்டும்.

கொங்கண் சாலையை நம் சாலை இல்லை என்று நினைக்கவும் வேண்டாம். ஒரு ஊரில் உழைத்து இன்னொரு ஊரில் தெய்வத்தை வைத்திருக்கும் ஜனங்கள்தான் அவர்களும். அவர்கள் கேட்கும்போது நாமும் சேர்ந்து கேட்டால், கண்கவ்லிக்குப் போகிற குடும்பமும் களியக்காவிளைக்குப் போகிற குடும்பமும் ஒரே சாலையில் பத்திரமாகப் போய்ச் சேரலாம்.